காகிதக் கப்பல் ஒட்டிய கடிகாரம்

பாட்டு பாதியில் நின்றுவிட்டது.

மிளகு கைபேசியைக் குலுக்கிப் பார்த்தாள். காதில் வைத்துப் பார்த்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தொட்டிலில் கிடந்த பாப்பா அதைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நெட் போயிடுச்சு!"

"நீ எதையாவது அமுக்கியிருப்ப," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. "அப்படியே வெச்சிட்டுப் போ. தானா வரும்."

மிளகு எதையும் அமுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் எது நின்றாலும் அவள்தான் எதையாவது அமுக்கியிருப்பாள் என்பது அம்மாவின் கணக்கு. மிக்ஸி நின்றால்கூட.

அவள் சுவரைப் பார்த்தாள். கூடத்துச் சுவரின் இந்த மூலையில் ஒரு கடிகாரம், அந்த மூலையில் ஒரு கடிகாரம். இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி. முள் கிடையாது. கறுப்புக் கட்டத்துக்குள் சிவப்பு எண்கள் ஒளிரும். ஒன்று வீட்டு நேரத்தைக் காட்டும். அதில் இப்போது 08:30. மற்றொன்று அப்பாவின் நேரத்தைக் காட்டும். அதில் 22:00. மாறிப்போகக் கூடாது என்று அதன் அடியில் நீலக் காகிதத்தில் ஒரு கப்பல் செய்து ஒட்டியிருந்தாள் மிளகு.

அப்பா ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல்காரர்கள் மதியம் பன்னிரண்டுக்குப் பிறகு மறுபடி ஒன்று, இரண்டு என்று ஆரம்பிக்க மாட்டார்கள். பதின்மூன்று, பதினான்கு என்று போய்க்கொண்டே இருப்பார்கள். மிளகு வீட்டு இரண்டு கடிகாரங்களும் அப்படித்தான். அதனால் 22:00 என்றால் இரவு பத்து மணி. இங்கே வெயில் ஏறும்போது அப்பா அங்கே விளக்கை அணைத்துப் படுத்துவிடுவார். கப்பல் இடம் மாறும்போதெல்லாம் அவருடைய நேரமும் மாறும். அவர் சொல்லச் சொல்ல, ஸ்டூலில் ஏறி அந்தக் கடிகாரத்தைத் திருத்துவது மிளகின் வேலை. வேறு யாரும் அதைத் தொட அனுமதி இல்லை.

'மிளகு' என்று அவளுக்குப் பெயர் வைத்ததும் அப்பாதான். அது பள்ளிக்கூடப் பெயர் இல்லை, வீட்டுப் பெயர். சின்னதாக, காரமாக இருந்தாளாம். ஒல்லியாக, தலை மட்டும் பெரிதாகப் பிறந்த அண்ணன் 'கரண்டி'.

பாப்பாவுக்கு இன்னும் வீட்டுப் பெயர் வைக்கவில்லை. அவள் பிறந்தபோது அப்பா நடுக்கடலில் இருந்தார். பெண் குழந்தை, இருவரும் நலம் என்று கப்பல் அலுவலகம் மூலம் சேதி மட்டும் போயிருந்தது. நேற்றுதான் கப்பல் ஒரு துறைமுகத்துக்கு வந்தது. அங்கிருந்து அப்பா இரண்டு நிமிஷம் பேசினார்.

"அப்பா, பாப்பாவுக்கு என்ன பேர்?" என்று கேட்டாள் மிளகு.

"முகத்தைப் பார்க்காம எப்படிடா சொல்றது? ருசி பார்க்காம நான் என்னிக்காவது உப்புப் போட்டிருக்கேனா?" என்று சிரித்தார் அப்பா. "நாளைக்கு உங்க நாலு மணிக்கு வீடியோல வர்றேன். எனக்கு அது விடியற நேரம். ஆறு மணிக்கு அடுப்படிக்குப் போயிடுவேன். அதுக்கப்புறம் கப்பல் கிளம்பிடும். அடுத்த துறைமுகம் வர மாசக்கணக்கு ஆகும். நாலு மணி. மறந்துடாதீங்க!"

மறப்பதா? இதற்காகத்தானே அம்மா புது வைஃபை பெட்டியே வாங்கினாள்! பழைய பெட்டி போன வாரம் புகை விட்டு உயிரை விட்டிருந்தது. நேற்று மாலையே மாமா வந்து, ஸ்டூல் மேல் ஏறி, வாசல் கதவுக்கு மேலே இருந்த பலகையில் புதுப் பெட்டியை மாட்டிக் கொடுத்தார்.

"தம்பி, ஒரு விஷயம்," என்று கீழே நின்று அம்மா சொன்னாள். "ராத்திரி பத்து மணிக்கு நெட் நிக்கணும். காலைல ஆறு மணிக்குத்தான் திரும்ப வரணும். இந்தக் கரண்டி ராத்திரி பூரா கேம் ஆடறான்."

"அவ்வளவுதானே அக்கா? பெட்டிக்குத் தூங்கற நேரம், எழுந்திருக்கற நேரம் ரெண்டையும் சொல்லிட்டாப் போதும். சொன்ன பேச்சுக் கேக்கும். உன் பையன் மாதிரி இல்ல," என்று மாமா தன் கைபேசியில் எதையோ தட்டினார்.

கரண்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இதெல்லாம் நேற்றைய கதை.

இன்று மதியச் சாப்பாடு முடிந்தும் நெட் 'தானாக' வரவில்லை. அம்மா தன் கைபேசியில் பார்த்தாள். வைஃபை அடையாளம் முழுசாக இருந்தது. ஆனால் எதைத் தட்டினாலும் அதே வட்டம். அம்மாவின் முகம் மாறியது. மாமாவைக் கூப்பிட்டாள்.

மாமா மழையில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். அவர் மின்விசிறி விற்கும் கடையில் வேலை பார்க்கிறார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். படிக்கிற கண்ணாடி மட்டும் எப்போதும் கடையிலேயே இருக்கும்.

"ஒண்ணுமில்லக்கா. அணைச்சுப் போட்டா சரியாயிடும்," என்றார்.

அணைத்தார். போட்டார். பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. எல்லாம் பச்சை.

"பார்த்தியா? பச்சை!" என்றார் மாமா.

"நெட்?" என்றாள் அம்மா.

நெட் வரவில்லை.

மாமா வயரைப் பிடுங்கித் துடைத்துச் செருகினார். பெட்டியைத் திருப்பி வைத்தார். வெயில் படாத செடியைப் பார்ப்பதுபோல் பார்த்து, ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி அணைத்தார், மறுபடி போட்டார். பச்சை, பச்சை, பச்சை. வட்டம், வட்டம், வட்டம்.

பிறகு நெட் நிறுவனத்தின் சேவை எண்ணுக்குப் போன் செய்தார்கள். வீட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அவர்கள் தெருவைச் சுற்றி உயரமான கட்டடங்கள். பேச்சு வருவதே பெரும்பாடு, படம் எங்கே வரப்போகிறது? மாமா ஜன்னல் கம்பியோடு காதை ஒட்டி நின்றுகொண்டு பேசினார். அந்தப் பக்கம் ஒரு பெண் மிகப் பணிவாகச் சொன்னாள்.

"சார், உங்க லைன் நல்லா இருக்கு. உங்க கணக்குலயும் எந்தக் குறையும் இல்ல. பெட்டி வரைக்கும் நெட் வருது சார்."

"பெட்டி வரைக்கும் வந்து என்னம்மா பிரயோஜனம்? பெட்டிக்குள்ளயா நாங்க குடியிருக்கோம்?"

"ஆள் அனுப்பறோம் சார். திங்கட்கிழமை."

மாமா போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றைத் தாண்டியிருந்தது.

"பக்கத்து வீட்டுல கேக்கலாமா?" என்றார் மாமா.

"அவங்க ஊருக்குப் போயிருக்காங்க. பூட்டு தொங்குது."

"என் கடைக்குப் போயிடலாம்."

"இந்த மழையிலயா? பச்சைக் குழந்தையைத் தூக்கிட்டா?" அம்மாவின் குரல் உடைந்தது. அவள் சட்டென்று திரும்பி, கொடியில் கிடந்த பாப்பாவின் துணிகளைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு வாரமாக மழை. எதுவும் காயவில்லை. சுவரிலிருந்து சுவருக்குக் கூடத்தின் குறுக்கே கட்டியிருந்த கொடி நிறையத் துணிகள். அம்மா ஒரு துணியின் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். துணி காய்ந்திருக்கிறதா என்று பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது என்று மிளகுக்குத் தெரியும்.

அவள் அப்பாவை நினைத்துப் பார்த்தாள். அப்பா விடியும் முன்பே எழுந்து, தலையைச் சீவிக்கொண்டு, கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். மணி அடிக்கும், அடிக்கும். யாரும் எடுக்க மாட்டார்கள். பிறகு கப்பல் கிளம்பிவிடும். பாப்பா பெயர் இல்லாமலே வளர்ந்துவிடுவாள்.

இந்த நேரத்தில் கரண்டி எங்கே?

பின் அறையில் இருந்தான். மேசை மேல் புத்தகம் திறந்திருந்தது. அது தலைகீழாக இருந்தது. கரண்டியின் கண்கள் தக்காளிப்பழம் மாதிரி சிவந்திருந்தன. தூக்கத்திலா, அழுதா என்று சொல்ல முடியவில்லை.

"அண்ணா, உடம்பு சரியில்லையா?"

"போடி. படிச்சிட்டிருக்கேன்."

"தலைகீழாவா?"

கரண்டி புத்தகத்தைத் திருப்பி வைத்தான். வேறு நாளாக இருந்தால் மிளகு இதை ஒரு வாரம் வைத்துக் கிண்டல் செய்திருப்பாள். இன்று அவன் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. கட்டிலில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னண்ணா? சொல்லு. நான் அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. நீயா சொன்னாத்தான் உண்டு."

கரண்டி கதவைப் பார்த்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"நெட்டை நான்தான் தீர்த்துட்டேன்."

"என்னது?"

"ராத்திரி பூரா கேம் ஆடினேன். விடியற வரைக்கும். இருந்த நெட் எல்லாம் தீர்ந்துடுச்சு போல. அப்பாவுக்குன்னு வெச்சிருந்தது எல்லாம்..." முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்பா என்னாலதான் பாப்பாவைப் பார்க்க முடியாமப் போகப்போறாரு."

மிளகுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. காலையிலிருந்து இவன் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு தலைகீழ்ப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்!

"அண்ணா, நெட் என்ன குடத்துத் தண்ணியா? அந்தப் போன் அக்கா இப்பத்தான் சொன்னாங்க. நம்ம கணக்குல எந்தக் குறையும் இல்லியாம். லைன் நல்லா இருக்காம். நீ ஒண்ணும் தீர்க்கல."

"நிஜமாவா?"

"நிஜமா. மாமாவைக் கேட்டுப் பாரு."

கரண்டி மூச்சு விட்டான். காற்றுப் போன பலூன் மாதிரி அவன் தோள்கள் இறங்கின. அதே நேரத்தில் மிளகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா... ராத்திரி பூரா நெட் வந்துச்சா?"

"வந்துச்சே."

"பத்து மணிக்கு நிக்கலையா?"

"இல்லையே. நானும் நின்னுடும்னுதான் நினைச்சேன். பத்தாச்சு, பதினொண்ணாச்சு, அது பாட்டுக்கு ஓடுச்சு. மாமா எதையோ தப்பாப் பண்ணிட்டாருன்னு சந்தோஷமா ஆடினேன்."

மிளகு எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

ராத்திரி தூங்க வேண்டிய பெட்டி முழுக்க முழுக்க விழித்திருந்திருக்கிறது. காலையில் விழிக்க வேண்டிய பெட்டி இப்போது எதைத் தட்டினாலும் அசைவதில்லை. விளக்கெல்லாம் எரிகிறது. லைன் நன்றாக இருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் பகலெல்லாம் கும்பகர்ணத் தூக்கம்.

இதே மாதிரி இன்னொரு ஆள் இந்த வீட்டில் உண்டு!

மிளகு கூடத்துக்கு ஓடினாள். தொட்டிலில் பாப்பா, நாளைக்குத்தான் எழுந்திருப்பேன் என்பதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள். இரவானால் போதும், கண்ணை அகலத் திறந்துகொண்டு கை காலை ஆட்டுவாள். 'இவளுக்குப் பகல் ராத்திரி மாறிப்போச்சு' என்று அம்மா தினமும் புலம்புவாள்.

"அம்மா! மாமா! பெட்டி கெட்டுப்போகல. தூங்குது! பாப்பா மாதிரி அதுக்கும் பகல் ராத்திரி மாறிப்போச்சு!"

மாமா ஸ்டூல் மேலிருந்து திரும்பினார். "பெட்டியாவது, தூங்கறதாவது. விளையாடற நேரமா இது?"

"விளையாடல மாமா. நீங்கதானே அதுக்குத் தூங்கற நேரம் சொல்லிக் கொடுத்தீங்க? அது இப்பத்தான் ராத்திரின்னு நினைச்சிட்டிருக்கு. ராத்திரி பூரா அது முழிச்சிட்டுத்தான் இருந்துச்சு."

அம்மா துணியின் பின்னாலிருந்து முகத்தை எடுத்தாள். "ராத்திரி முழிச்சிருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மிளகு வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். சத்தியம் செய்திருக்கிறாளே!

"எனக்கு... வந்து... தெரியும்."

"எப்படித் தெரியும்னு கேக்கறேன். நீ ராத்திரி போனை எடுத்தியா?"

மிளகு சுவரைப் பார்த்தாள். அம்மாவின் கண்கள் சுருங்கின.

"அவ எடுக்கலம்மா."

கரண்டி பின் அறை வாசலில் நின்றிருந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது. "நான்தான் எடுத்தேன். விடியற வரைக்கும் ஆடினேன். நெட் நிக்கவே இல்ல."

அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்," என்றாள் அம்மா. ஆனால் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. அவள் மிளகின் பக்கம் திரும்பினாள். "காலைல பாட்டு எத்தனை மணிக்கு நின்னுச்சு?"

"சரியா எட்டரை. கடிகாரத்தைப் பார்த்தேன்." சொல்லும்போதே மிளகுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அவள் அந்த மூலைக்குத் திரும்பினாள். "அப்ப அப்பா கடிகாரத்துல இருபத்திரண்டு. அப்படின்னா..."

"ராத்திரி பத்து!" என்றான் கரண்டி.

"அப்பா படுக்கற நேரம்!" என்றாள் மிளகு. "பெட்டியும் அதே நேரத்துக்குப் படுத்திருக்கு! மாமா, பெட்டி நம்ம நேரத்துல இல்ல. அப்பா நேரத்துல இருக்கு!"

மாமா ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"அது எப்படிம்மா? நான் சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்துத்தானே வெச்சேன்? நெட்லேருந்து நிமிஷம் எல்லாம் அதுவே வாங்கிக்கும். எந்த ஊர் நேரம்னு மட்டும் நாம சொல்லணும். பெரிய வரிசை வந்துச்சு. ஊர்ப் பேரெல்லாம் எறும்பு எறும்பா. கண்ணாடி வேற இல்ல. ஆனா ஒவ்வொரு பேர் பக்கத்துலயும் இப்ப மணி என்னன்னு கொட்டையாப் போட்டிருந்துச்சு. சுவத்துல ஏழு நாப்பதுன்னு இருந்துச்சு. வரிசையில ஏழு நாப்பது எதுன்னு தேடிப் பிடிச்சு அமுக்கினேன். என் மூளையை நானே மெச்சிக்கிட்டேன்!"

"ஏழு நாப்பதா? நீ வந்தப்ப ஆறு மணிதானேடா?" என்றாள் அம்மா.

"மழை இருட்டுல எனக்கு ஆறும் ஒண்ணுதான், ஏழும் ஒண்ணுதான். சுவத்துல இருந்துச்சு, போட்டேன்."

மிளகு ஸ்டூலில் ஏறினாள். மாமா நேற்று நின்ற அதே இடத்தில் நின்று கூடத்தைப் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் வீட்டுக் கடிகாரம் தெரியவே இல்லை. அதற்கு நேராகப் பாப்பாவின் துணிகள் தோரணம் மாதிரித் தொங்கின. தெரிந்தது ஒரே கடிகாரம்தான். நீலக் கப்பல்கூட ஒரு குட்டிக் காலுறையின் பின்னால் மறைந்திருந்தது.

"மாமா, இங்கேருந்து பார்த்தா நானும் அப்பா கடிகாரத்தைத்தான் பார்த்திருப்பேன்," என்றாள் மிளகு. "தப்பு உங்க மேல இல்ல. துணி காயாததுதான் தப்பு."

மாமா நன்றியோடு அவளைப் பார்த்தார். "கேட்டியாக்கா? துணி காயல!"

"சரி சரி, மழையைத் திட்டிக்கலாம். இப்ப என்ன பண்ணணும்? மணி மூணே முக்கால் ஆச்சு!" என்றாள் அம்மா.

மாமா கைபேசியை எடுத்தார். "நெட் இல்லாட்டியும் பெட்டியோட சொந்தப் பக்கம் திறக்கும். கடவுச்சொல் கேக்குமே... பெட்டி அடியில ஒட்டியிருக்கும்."

மிளகு பெட்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். கரண்டி தட்டினான். பக்கம் திறந்தது. மேல் மூலையில் சின்ன எழுத்தில் பெட்டியின் நேரம் இருந்தது.

05:17.

அப்பா கடிகாரத்திலும் 05:17.

"அடப்பாவி!" என்றார் மாமா. பெட்டியைச் சொன்னாரா, தன்னையே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. "பேசாம இந்தத் தூக்கத்தையே எடுத்துடட்டுமாக்கா? ஒரே அமுக்கு."

"எடுத்துடலாம் மாமா!" என்றான் கரண்டி உற்சாகமாக. அம்மா பார்த்த பார்வையில் உடனே, "இல்ல, வேணாம். நேரத்தையே மாத்திடலாம்," என்றான்.

ஊர் வரிசை திறந்தது. மிளகு குனிந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். நேரங்கள் ஓடின. ஏழு, எட்டு, பதினொன்று... எத்தனை ஊர்கள்! ஓர் ஊரில் பள்ளிக்கூடம் விடுகிறது, இன்னொன்றில் கோழி கூவுகிறது. எல்லாம் ஒரே கைபேசிக்குள்.

"மெதுவாண்ணா, தாண்டிட்ட! மேல போ. அதோ!"

அந்த வரியில் 15:49. அவள் துணியை விலக்கி வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். 15:49. ஊர்ப் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இதுதான். நேரமும் நம்மளது, ஊரும் நம்மளது."

"அமுக்கும்மா," என்றாள் அம்மா. "இன்னிக்கு நீதான் அமுக்கணும்."

மிளகு அமுக்கினாள்.

பெட்டியின் விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. கரண்டி "ஐயோ" என்றான். மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பச்சை வந்தது. இன்னொரு பச்சை. அப்புறம் நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. அம்மா தொட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டிங்!

அம்மாவின் கைபேசி. டிங், டிங், டிங்! காலையிலிருந்து வெளியே காத்துக்கொண்டிருந்த சேதிகள் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே வந்தன. அதோடு, பாதியில் நின்றிருந்த தாலாட்டுப் பாட்டும் விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று சொல்ல முடியாது. இரண்டும் கலந்து என்னவோ செய்தாள். மாமா நெற்றியைத் துடைக்கக் கொடியிலிருந்து ஒரு துணியை உருவினார். அது ஈரமாக இருந்தது. யாரும் கவலைப்படவில்லை.

"தலையைக் கூடச் சீவலியே!" என்று அம்மா திடீரென்று எழுந்து ஓடினாள்.

அவள் சீப்போடு திரும்பி வருவதற்குள் கைபேசி மணி அடித்தது.

திரையில் அப்பா! வெள்ளைத் தொப்பி, சீவிய தலை, பின்னால் திறந்த கதவு வழியே அடுப்படியில் வரிசையாகத் தொங்கும் பெரிய பெரிய பாத்திரங்கள். மிளகு நினைத்தபடியே கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.

"சரியான நேரத்துக்கு எடுத்துட்டீங்களே! எங்கே என் பொண்ணு?"

அம்மா சீப்பைப் போட்டுவிட்டு வந்து கைபேசியைத் தொட்டிலுக்கு மேலே பிடித்தாள்.

அப்பா அசையாமல் பார்த்தார். படம் நின்றுவிட்டதோ என்று மிளகு பயந்தாள். இல்லை. அப்பா கண்ணைச் சிமிட்டினார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தூங்கறாளா?" என்றார் கடைசியில், பாப்பா எழுந்துவிடுவாளோ என்பதுபோல் மெல்லிய குரலில். அத்தனை கடல் தாண்டி!

"பகலெல்லாம் இப்படித்தான். ராத்திரி ஆனா நம்ம யாரையும் தூங்க விடமாட்டா," என்றாள் அம்மா.

"மூக்கு மாமா மாதிரி இருக்கு," என்றார் மாமா இடையில் புகுந்து.

"சேச்சே, அப்படியெல்லாம் சொல்லாதே, பச்சைக் குழந்தை," என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்பா, பேர்? முகம் பார்த்தாச்சுல்ல?" என்று மிளகு கைபேசிக்குள் தலையை நுழைத்தாள்.

"இரு, இரு. நல்லாப் பார்க்க விடு. சட்டுனு சொல்றதுக்கு இது என்ன..."

பாப்பாவின் உதடு நெளிந்தது. மூக்கு சுருங்கியது. சின்ன முகம் முழுவதும் சிவந்தது. அடுத்த நொடி, எண்ணெயில் விழுந்த மாதிரிப் படபடவென்று கையையும் காலையும் உதறிக்கொண்டு, வீடே அதிர ஓர் அழுகை!

"கடுகு!" என்று கத்தினார் அப்பா. "இவ கடுகுதான்! சந்தேகமே இல்ல!"

"மிளகு, கரண்டி, கடுகு," என்று சொல்லிப் பார்த்தாள் மிளகு. எப்போதும் அப்படித்தான் இருந்த மாதிரி இருந்தது.

பிறகு அவர்கள் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னார்கள். மாமா ஏழு நாற்பதைத் தேடிப் பிடித்த கதையை மாமாவே நடித்துக் காட்டினார். கரண்டி தன் பங்கை மறைக்காமல் சொன்னான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"கரண்டி, ராத்திரி முழிச்சிருக்க அவ்வளவு ஆசையா உனக்கு?"

"இல்லப்பா," என்றான் கரண்டி பாவமாக.

"ஆசைதான்," என்றாள் அம்மா. "அதனால இந்த வாரம் ராத்திரி தொட்டில் ஆட்டற வேலையில பாதி இவனுக்கு."

அப்பா மறுபடி கடுகைப் பார்த்தார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, வெளிச்சமாகத் தெரிந்த கைபேசியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், அவளைத் திட்டாதீங்க," என்றார் அப்பா. "உங்க ராத்திரி எனக்குப் பகல். நான் இங்க அடுப்படியில நிக்கற நேரமெல்லாம் அங்க என் பொண்ணு முழிச்சிட்டிருக்கா. இப்ப எனக்கு விடியுது, அவளும் எழுந்துட்டா பாரு. என் நேரத்துலதான் இருக்கா."

ஆறு மணிக்கு அவர் அடுப்படிக்குப் போகவேண்டியிருந்தது. அதுவரை யாரும் கைபேசியைக் கீழே வைக்கவில்லை.

அன்று மாலை மழை விட்டது. மாமா கொடியைக் கழற்றி மொட்டைமாடியில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். கூடத்தில் இப்போது இரண்டு கடிகாரங்களும் நன்றாகத் தெரிந்தன. வாசலுக்கு மேலே பெட்டி பச்சை விளக்கோடு விழித்திருந்தது. இரவு பத்து மணி ஆனால் அது சொன்ன பேச்சுக் கேட்டுத் தூங்கப்போகும்.

மிளகு நீலக் காகிதத்தில் இன்னொரு கப்பல் செய்தாள். முன்பு செய்ததைவிடச் சின்னது. அதைத் தொட்டில் கம்பியில் நூலால் கட்டித் தொங்கவிட்டாள்.

"இது எதுக்குடி?" என்றான் கரண்டி.

"இவ அப்பா நேரத்துல இருக்கான்னு தெரிய வேணாமா?" என்றாள் மிளகு. "அப்பா திரும்பி வர்ற வரைக்கும் இவ நேரத்தை யாரும் மாத்தக் கூடாது."

கடுகு கப்பலைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டாள். பிறகு, இரவு நெருங்க நெருங்க, கண்ணை அகலமாகத் திறந்துகொண்டாள்.